களத்துக் காற்றும் யந்திரக் காற்றும்

தை பிறந்து, சம்பாவும் தாளடியும் தலை சாய்ந்துவிட்டால், குடவாசல் வட்டாரத்தில் விவசாயிகள் இருவர் சந்திக்கும்போது எழும் முதற்கேள்வி, "மிஷின் எப்போது வருகிறது?" என்பதே. இரண்டாவது கேள்வி, "மணிக்கு என்ன வாடகை?" என்பது. இவ்விரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை நம்மில் அநேகர் கேட்பதில்லை. "யந்திரத்தின் காற்று எந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறது?" என்பதே அது. இக்கேள்வியைக் கேளாமல் விடுவதால், நாம் பாடுபட்டு விளைவித்த நெல்லில் ஒரு பகுதி வீடு வந்து சேராமல் வயலிலேயே தங்கிவிடுகிறது. இந்த நஷ்டத்தை ஒவ்வொருவரும் தனித்து நின்று தடுப்பது கடினம். சங்கமாகக் கூடித் தடுப்பது எளிது என்பது நம் அபிப்பிராயம். அதற்கான காரணங்களை அங்கத்தினர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

களத்தில் காற்று செய்த வேலை

கையால் அறுத்து, களத்தில் அடித்து, மாடு விட்டு மிதித்த காலத்தில், நெல்லையும் பதரையும் பிரிக்கும் வேலை முழுவதும் காற்றினுடையது. முறத்தில் அள்ளிய பொலியை உயரத் தூக்கி மெல்லச் சரியவிட்டால், கனத்த மணி காலடியில் விழும். கருக்காய் சற்றுத் தள்ளி விழும். பதரும் தூசியும் அப்பால் போகும். காற்று வலுத்தால் தூற்றுபவர் முறத்தைத் தாழ்த்துவார், தளர்ந்தால் உயர்த்துவார், அறவே நின்றுவிட்டால் காத்திருப்பார். நல்ல மணி பதரோடு பறந்தால் சுற்றி நின்ற எல்லோர் கண்ணுக்கும் அது தெரியும். பதர்க் குவியலை மறுபடியும் ஒருமுறை புடைத்துப் பார்க்காமல் எந்தக் குடும்பமும் களத்தை விட்டு எழுந்ததில்லை.

காற்றுக்காகக் காத்திராமல், வேண்டும்போது காற்றை உண்டாக்கிக்கொள்ளும் வழியை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டவர்கள் சீனர்கள். கையால் சுழற்றும் விசிறி பொருத்திய தூற்றுப்பெட்டியின் மண் உருவங்கள் அந்நாட்டு ஹான் வம்சக் காலத்துச் சமாதிகளில் கிடைத்துள்ளன. ஐரோப்பாவில் அத்தகைய விசிறி பரவியது 18ஆம் நூற்றாண்டிலேதான். 1830களில் அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் ஹிராம் மூர் என்பவர், அறுப்பது, அடிப்பது, தூற்றுவது ஆகிய மூன்றையும் ஒரே வண்டிக்குள் அடக்கினார். இன்று நம் வயலில் இறங்கும் செயின் வண்டி, டயர் வண்டி யாவும் அந்த வழியில் வந்தவையே.

மூன்று வேலைகளும் ஒன்றானதில் நமக்குக் கிடைத்த நன்மை பெரிது. ஆள் பற்றாக்குறையும் எதிர்பாரா மழையும் ஒன்றுசேர்ந்து வரும் நாளில், ஒரு ஏக்கரை ஒரு பொழுதுக்குள் முடித்துத் தரும் சாதனத்தைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் களத்தில் எல்லோர் கண்ணெதிரேயும் நடந்த தூற்றுதல் இப்போது இரும்புக் கூட்டுக்குள் நடக்கிறது. அதனால் அதைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவில்லாமல் போயிற்று. உடையவர் டிரைவரை நம்புகிறார். டிரைவர் நேற்றைய வயலில் வைத்த அளவையே நம்புகிறார்.

யந்திரத்துக்குள் நடப்பது

முன்னால் உள்ள கத்தி அறுத்த கதிர், உருளைக்குள் சென்று அடிபடுகிறது. உதிர்ந்த மணியும் சண்டும் கூளமும் கீழே அசைந்துகொண்டிருக்கும் சல்லடைமேல் விழுகின்றன. சல்லடைக்குக் கீழே முன்புறமாக ஒரு விசிறி சுழன்று, காற்றைச் சாய்வாகப் பின்னோக்கி மேலே செலுத்துகிறது. அக்காற்று சல்லடையின் துளைகள் வழியே எழுந்து, கூளத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துப் பின்புறமாக வெளியே தள்ளுகிறது. மணி இடுக்குகளின் வழியே கீழிறங்கித் தொட்டிக்குப் போகிறது.

நன்கு முற்றிய நெல்மணியை அந்தரத்தில் நிறுத்தி வைக்க, நொடிக்குச் சுமார் 6 முதல் 8 மீட்டர் வேகமுள்ள காற்று மேல்நோக்கி வீசவேண்டும். பதரைத் தூக்க அதில் பாதியோ அதற்கும் குறைவோ போதும். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் தூற்றுதலின் ரகசியம். காற்று அந்த இடைவெளிக்குள் இருக்கும் வரை நெல் நமக்கு, பதர் வயலுக்கு. எல்லையைத் தாண்டினால் நெல்லும் வயலுக்கே.

இங்கே ஒரு நுட்பத்தை அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டும். யந்திரத்தின் பின்னால் நல்ல மணி சிந்திக் கிடப்பதைக் கண்டால், "காற்று அதிகம், குறை" என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மையே. காற்று குறைந்தாலும் நெல் போகும். கூளத்தைத் தூக்கிப் பிடிக்கக் காற்றுக்கு வலுவில்லையானால், அது சல்லடைமேல் பாய் விரித்தாற்போல் படிந்துவிடும். மணி கீழிறங்க வழியின்றி அந்தப் பாயோடு பாயாகப் பின்னால் விழும். அப்போது காற்றை இன்னும் குறைத்தால் நஷ்டம் பெருகும்.

இரண்டில் எது என்று எப்படி அறிவது? தொட்டிக்குள் இருக்கும் நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும். பின்னால் மணி சிந்தியிருக்க, தொட்டி நெல் சுத்தமாக இருந்தால் காற்று அதிகம். பின்னால் மணி சிந்தியிருக்க, தொட்டியிலும் சண்டும் கூளமும் மலிந்திருந்தால் காற்று குறைவு. வைக்கோலில் கதிரோடு ஒட்டிக்கொண்டு மணி நின்றால், அது காற்றின் குற்றமன்று. உருளை சரியாக அடிக்கவில்லை என்று பொருள். இம்மூன்றையும் பிரித்தறியத் தெரிந்தவர் ஒருவர் வயலோரம் நின்றால், அன்றைய நஷ்டத்தில் பெரும் பகுதியைத் தவிர்க்கலாம்.

மற்றொரு விஷயம்: பெரும்பாலான யந்திரங்களில் விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றுகிறது. வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னால் சிலர் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடுகிறார்கள். அப்போது உருளையும் தளர்கிறது, விசிறியும் தளர்கிறது. மெதுவாகச் சென்றும் பயனில்லை. எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, கியரைக் குறைத்து வண்டியின் நடையை மட்டும் தளர்த்துவதே முறை.

வயலுக்கு வயல் காற்றளவும் மாற வேண்டும். பொன்மணி என்று நாம் சொல்லும் சி.ஆர். 1009 நெல்லில் ஆயிரம் மணியின் எடை சுமார் 23 கிராம். ஆடுதுறை 43, பி.பி.டி. 5204 போன்ற சன்ன ரகங்களில் அது 15 கிராம் அளவே. காலையில் பொன்மணி அறுத்த காற்றோடு மாலையில் சன்ன ரகத்தில் இறங்கினால், எடை குறைந்த மணி பறக்காமல் என்ன செய்யும்? பனி காயாத காலைப் பொழுதில் ஈரச் சண்டு சல்லடையில் அப்பிக்கொள்ளும். மழையில் சாய்ந்த பயிரில் தாளும் சேறும் மிகுதியாக உள்ளே போகும். அத்தகைய வயலில் நடையைத் தளர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.

நஷ்டத்தின் கணக்கு

சிந்திக் கிடக்கும் நாலு மணிக்கு இத்தனை பேச்சா என்று சிலர் எண்ணலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டருக்கு நூறு மணி வீதம் சிந்தினால், பார்வைக்கு அது பெரிதாகத் தோன்றாது. தாளும் வைக்கோலும் அதை மறைத்துவிடும். பொன்மணி ரகத்தில் அந்த நூறு மணி ஒரு ஏக்கருக்குச் சுமார் 9 கிலோ. நம் பழைய அளவில் ஒரு மாவுக்கு 3 கிலோ. ஒரு வேலிக்கு 60 கிலோ, அதாவது ஒன்றரைச் சிப்பம். ஒரு சங்கத்தின் எல்லைக்குள் 75 வேலி, அதாவது 500 ஏக்கர், அறுவடையாகிறது என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 45 குவிண்டால். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஆக, ஒரே அறுவடையில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வயலில் கிடக்கிறது. சதுர மீட்டருக்கு இருநூறு மணி என்றால் இது இரட்டிப்பு.

காற்றுக் குறைவினால் வரும் நஷ்டம் வயலோடு நிற்பதுமில்லை. கொள்முதல் நிலையங்களுக்கு வகுக்கப்பட்ட தரக்குறிப்பில், ஈரப்பதம் 17 சதவீதம், கல்லும் மண்ணும் 1 சதவீதம், வைக்கோல் சண்டு முதலியன 1 சதவீதம், முற்றாத சுருங்கிய மணி 3 சதவீதம் என்று வரம்புகள் உண்டு. கூளத்தோடு வந்த நெல்லை அங்கே மறுபடி தூற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு நேரம் வேண்டும், ஆள் வேண்டும், வரிசையில் காத்திருக்கவும் வேண்டும். அப்படிக் காத்திருக்கும் நாளில் மழை வந்துவிட்டால், குவித்த நெல் நனைந்து முளைக்கிறது. காற்றுத் தகட்டை ஒரு விரற்கடை நகர்த்தியிருந்தால் நேராதிருந்திருக்கும் துன்பம் இது.

அவசரத்தின் மூலம்

இந்தக் கவனக்குறைவுக்கு டிரைவர்களை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. நம் வாடகை முறையே அவசரத்தை வளர்க்கிறது. மணிக் கணக்கில் வாடகை பேசினால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "வேகமாகப் போ" என்று சொல்பவர் வயலுக்கு உடையவரே. ஏக்கர் கணக்கில் பேசினால், அடுத்த வயலை நோக்கி வேகமாக ஓட்டுபவர் டிரைவர். எந்த முறையானாலும் முடிவு வேகமே. வேகம் கூடினால் சல்லடைமேல் சுமை கூடும். அந்தச் சுமையைப் பிரிக்க எந்தக் காற்றாலும் இயலாது. வாடகையில் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தியவர், அந்த மிச்சத்தைவிட மதிப்புள்ள நெல்லைப் பின்னால் விட்டிருக்கக்கூடும். மணிக் கணக்கு, ஏக்கர்க் கணக்கு இரண்டுக்கும் மேலாக மணியெண்ணும் கணக்கு ஒன்று இருந்தாலன்றி இந்த அவசரம் அடங்காது.

"மிஷின் கிடைப்பதே அரிது. சேலம், நாமக்கல் பக்கங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வரும் வண்டிகளை எதிர்பார்த்து நிற்கிறோம். நிபந்தனை போட்டால் அவர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள்" என்று அங்கத்தினர் சிலர் கூறுவது நமக்குத் தெரியும். மூன்று மா வைத்திருப்பவர் தனியே நின்று நிபந்தனை போட்டால் அப்படித்தான் நடக்கும். ஒரே மடையில் பாயும் நாற்பது ஏக்கரைச் சேர்த்துக் கொடுக்கும் சங்கம் நிபந்தனை போட்டால் நடக்காது. ஊர் ஊராகச் சுற்றி எரிபொருளை வீணாக்காமல் ஒரே இடத்தில் பல நாள் வேலை கிடைப்பது வண்டிக்காரருக்கும் லாபமே. கடன் கொடுப்பதற்காக 1904ஆம் ஆண்டில் திரூரில் தொடங்கிய நம் மாகாணத்துக் கூட்டுறவு, தனி ஒருவருக்குக் கிட்டாத பேரத்தைப் பலருக்கும் கிட்டச் செய்வதற்காகவே வளர்ந்தது. உரத்துக்கும் கடனுக்கும் பயன்பட்ட அந்த வலிமை அறுவடை நாளில் மட்டும் ஏன் உறங்க வேண்டும்?

"சிந்திய நெல் வாத்துக்கு ஆகிறது" என்றும் சொல்லக் கேட்கிறோம். கதிர் தானே உதிர்வதும், கத்தி பட்டுச் சிதறுவதும் எப்போதும் உண்டு. வாத்து மேய்ப்பவருக்கு அது போதும். மேலும் சிந்திய மணி முழுவதும் வாத்து வாய்க்குப் போவதில்லை. எஞ்சியது அடுத்த பருவத்தில் வேறு ரகத்தின் நடுவே முளைத்துக் கலப்பாகிறது.

சங்கம் செய்யத் தக்கவை

ஆகவே, வரும் அறுவடைக்கு முன் நம் சங்கங்கள் பின்வரும் ஏற்பாடுகளைச் செய்யவேண்டும் எனக் கோருகிறோம்.

முதலாவது, அங்கத்தினர்களின் வயல்களை மடைவாரியாகவும் ரகவாரியாகவும் சேர்த்து, சங்கத்தின் பெயராலேயே யந்திரம் பேச வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை யந்திரங்களுக்கும், சங்கங்களே வைத்திருக்கும் வாடகை மையங்களின் யந்திரங்களுக்கும் இதே முறை பொருந்தும்.

இரண்டாவது, ஒவ்வொரு ரகத்திலும் முதல் இருபது மீட்டர் தூரத்தை மாதிரி ஓட்டமாகக் கொள்ள வேண்டும். அதற்கான கால் மணி நேரத்துக்கு வாடகை இல்லை என்று முன்னதாகவே எழுதிக்கொள்ள வேண்டும். ஓட்டம் முடிந்ததும் யந்திரத்தைச் சற்றுப் பின்வாங்கி நிறுத்தி, மூன்று இடங்களில் மணியை எண்ண வேண்டும்: அறுபடாத பயிரின் அடியில் ஒன்று, கத்தி கடந்தும் கூளம் இன்னும் விழாத இடத்தில் ஒன்று, கூளம் விழுந்த இடத்தில் ஒன்று. வெட்டும் அகலம் 2 மீட்டரானால், அந்த அகலம் முழுவதும் அடங்க அரை மீட்டர் நீளத்துக்குக் கயிறு கட்டினால் அது ஒரு சதுர மீட்டர். முதல் எண் தானே உதிர்ந்தது. இரண்டாவதில் முதலாவதைக் கழித்தால் கத்தியின் நஷ்டம். மூன்றாவதில் இரண்டாவதைக் கழித்தால் உருளை, சல்லடை, காற்று ஆகியவற்றின் நஷ்டம். முற்றிய மணியை மட்டுமே எண்ண வேண்டும்; பதரைச் சேர்க்கலாகாது. பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, விசிறியின் பக்கவாய்த் தகட்டையோ காற்றைத் திருப்பும் பலகையையோ ஒரு சமயத்தில் ஒன்றாக மாற்றி, மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டும். ஓடும் யந்திரத்துக்குள் கை விடுவது ஒருபோதும் கூடாது.

மூன்றாவது, இந்த எண்ணும் வேலைக்குச் சங்கம் கூலி கொடுத்து ஆள் வைக்க வேண்டும். அதற்கு நம் ஊர்ப் பெண்களைவிடத் தகுதியானவர் இலர். களத்தில் முறம் பிடித்துத் தலைமுறை தலைமுறையாக மணியையும் கருக்காயையும் பார்வையாலேயே பிரித்தவர்கள் அவர்கள். யந்திரம் வந்ததும் அந்தக் கூலியை முதலில் இழந்தவர்களும் அவர்களே. அவர்களின் கைத்திறனுக்கு இன்று வேலை இல்லாதிருக்கலாம். அவர்களின் கண் இன்னும் நமக்குத் தேவை. எண்ணியதை எழுதிக்கொள்ளப் படித்த இளைஞர் ஒருவரைத் துணை சேர்த்தால் போதும்.

நான்காவது, எந்த வண்டி, எந்த ரகம், எத்தனை மணிக்கு, என்ன ஈரம், எத்தனை மணி சிந்தியது என்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும். இரண்டு பருவங்களில் அந்தப் பதிவேடு எந்த வண்டியை மறுபடி அழைக்கலாம் என்பதைத் தானே சொல்லிவிடும். நன்றாக ஓட்டும் டிரைவருக்கு அதைவிடச் சிறந்த நற்சாட்சியும் வேறில்லை.

உளுந்துக்கும் ஒரு வார்த்தை

காற்றால் பயிரை நகர்த்தும் உத்தி தூற்றுவதோடு நின்றுவிடவில்லை. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் தரையை ஒட்டி வளரும் பயறு வகைகளை அறுக்கும்போது, கத்திக்கு முன்னால் வரிசையாகக் குழாய்களை அமைத்து, அவற்றின் வழியே காற்றைப் பின்னோக்கிப் பீச்சுகிறார்கள். அறுந்த செடி தரையில் விழாமல், காயும் அடிபடாமல், யந்திரத்துக்குள் தள்ளப்படுகிறது. நெசவாளர் அங்கத்தினர்களுக்கு இது வியப்பாக இராது. நாடாவே இல்லாமல், காற்றின் வீச்சாலேயே ஊடைநூலைப் பாவுக்குள் செலுத்தும் தறிகள் இன்று ஆலைகளில் ஓடுகின்றன. அங்கும் வீச்சுக் குறைந்தால் நூல் மறுகரை சேராது, மிகுந்தால் அறுந்துபோகும். அளவறிந்து செலுத்துவதே அங்கும் தொழில்.

நம் பகுதியில் சம்பா அறுவடையை ஒட்டித் தெளிக்கும் உளுந்தும் பயறும் பெரும்பாலும் ஆட்களைக் கொண்டே பறிக்கப்படுகின்றன. பறிக்க ஆள் கிடைக்காத அச்சத்தால் தெளிப்பதையே கைவிட்டவர்களும் உண்டு. வண்டிச் சக்கரத்தில் நசுங்கும் இளஞ்செடிகளின் பிரச்னை வேறு இருக்கிறது. குழாய்க் காற்று நம் ஈரக் களிமண்ணுக்கும் சிறு வயல்களுக்கும் ஏற்றதா என்பதைச் சோதித்தே சொல்ல முடியும். குமுளூர் வேளாண்மைப் பொறியியல் கல்லூரியும், 1922 முதல் நம் நெல்லுக்குத் துணை நிற்கும் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து இதை ஆராய வேண்டும் என்று சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். சோதனைக்கு வயல் தர நம் அங்கத்தினர்கள் பின்வாங்க மாட்டார்கள்.

முடிவாக ஒன்று. நம் முன்னோர் மேற்கிலிருந்து வீசுவதைக் குடக்காற்று என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் பெயரிட்டு அறிந்திருந்தார்கள். யந்திரத்துக்குள் வீசும் ஐந்தாவது காற்றையும் நாம் அவ்வாறே அறிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெரும் மூலதனம் வேண்டியதில்லை. ஒரு கயிறும், ஒரு பதிவேடும், எண்ணத் தெரிந்த நாலு பேரும் போதும். இந்தத் தை அறுவடைக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் தன் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பரிசீலித்து முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.